அப்பாவின் கால் புண்ணுக்கு ‘ஸ்மார்ட் கட்டு’ வாங்கி அனுப்பட்டுமா என்று அண்ணன் கேட்கிறார், பிரயோசனம் இருக்குமா?

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு தடவை வாசித்தேன். அப்பாவுக்கு 62 வயது, 15 வருடமாகச் சீனி வருத்தம், வலது காலின் பெருவிரலுக்குக் கீழே அடிப்பாதத்தில் புண், மூன்று மாதமாகியும் மூடவில்லை. காயத்தைத் தானே கவனித்து, மருந்தும் விட்டு, போனுக்குத் தகவலும் அனுப்புகிற ஒரு கட்டைப் பற்றிக் கனடாவில் இருக்கிற அண்ணன் காணொளி பார்த்திருக்கிறார். அதை வாங்கி அனுப்பினால், நாள்விட்டு நாள் நிலாவெளியிலிருந்து ரவுனுக்கு அப்பாவை ஏற்றிக்கொண்டு மருந்து கட்டப் போகிற அலைச்சல் குறையுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் உங்களை உறுத்துவது அலைச்சல் மட்டுமில்லை என்று நினைக்கிறேன். கட்டுக்குள்ளே என்ன நடக்கிறது என்று தெரியவில்லை, பிரிக்கும்போதெல்லாம் “போன தடவையை விடப் பரவாயில்லையா, மோசமா” என்று உங்களுக்கும் அம்மாவுக்கும் ஒரே குழப்பம். அதைச் சரியாகச் சொல்லுகிற ஒன்று கிடைக்குமா என்பதுதான் கேள்வி. அதற்கே பதில் எழுதுகிறேன், கொஞ்சம் நீளும்.

நான் திருகோணமலையில் 26 வருடம் தாதியாக இருந்தவள், அதில் கடைசிப் 11 வருடம் புண்ணுக்கு மருந்து கட்டுகிற அறையிலேயே கழிந்தது. மருத்துவர் இல்லை, ஆராய்ச்சியாளரும் இல்லை. அப்பாவின் காலை நான் பார்க்கவும் இல்லை, ஆகவே அவருக்கு இதைச் செய்யுங்கள் என்று மருந்து சொல்லப் போவதில்லை. இந்தக் கட்டுகள் பற்றிய செய்திகளை ஆசையோடு தேடித் தேடி வாசிக்கிறவள் என்பதால் அதையும் கையால் பார்த்ததையும் சேர்த்துச் சொல்கிறேன்.

முதலில் நேரான பதில். சென்சர், மருந்து, மின்தூண்டல் (புண்ணுக்கு மெல்லிய மின்சாரம் கொடுப்பது) எல்லாம் ஒன்றாக உள்ள அந்தக் கட்டு ஃபார்மசியில் வாங்கி அனுப்புகிற நிலைக்கு இன்னும் வரவில்லை. காணொளியில் வருவது பெரும்பாலும் பல்கலைக்கழக ஆய்வுகூடத்துப் பொருள்தான். பெட்டியில் ‘ஸ்மார்ட்’ என்று எழுதியிருக்கிறது என்பதற்காக உள்ளே சென்சர் இருக்கும் என்று நம்பிவிட வேண்டாம், ஈரத்தை நன்றாக உறிஞ்சுகிற சாதாரண நுரைக் கட்டுக்கும் அந்தப் பெயர் வைத்து விற்கலாம். அண்ணன் காசை மிச்சம் பிடிக்கட்டும், அந்தக் காசுக்கு வேறு வேலை இருக்கிறது, பிறகு சொல்கிறேன்.

அதற்காக இது வெறும் புளுகும் இல்லை. ஆறாத புண் சில தடயங்களை விடும். ஆரோக்கியமான தோல் கொஞ்சம் அமிலத்தன்மையோடு இருக்கும், அதை அளக்கிற பி.எச். என்ற இலக்கம் 4.5 முதல் 6 வரை (இலக்கம் குறையக் குறைய அமிலம் கூடும்). நாட்பட்டு ஆறாமல் கிடக்கிற புண்ணில் அது 7 தாண்டி 8, 9 பக்கம் போய்விடும், பல கிருமிகளுக்கு அது சொந்த வீடு மாதிரி. கிருமி பெருகினால் அந்த இடம் சூடாகும். கசிகிற நீரில் யூரிக் அமிலம், லக்டேட் போன்றவற்றின் அளவு மாறும். புதுத்தோல் மூட மூட மின்சாரம் கடப்பதற்கான தடை ஏறும், கிருமி பிடித்து நைந்தால் இறங்கும். இவற்றைத்தான் சென்சர்கள் அளக்கின்றன. அமெரிக்காவில் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தார் 2018 இல் காட்டிய கட்டு பி.எச்.சையும் சூட்டையும் பார்த்து, தேவைப்படும்போது ஒரு ஜெல்லைச் சூடாக்கி அதிலிருந்து மருந்தை வெளியே விட்டது. ஸ்டான்ஃபோர்டில் 2022 இல் வந்தது மின்தடையையும் சூட்டையும் கவனித்துக்கொண்டே சிறிய மின்தூண்டலும் கொடுத்தது, புண் ஏறத்தாழ 25 வீதம் விரைவாக ஆறியது என்றார்கள். ஆனால் அது எலிகளில். எலியின் புண் பெருமளவு தோல் சுருங்கியே மூடும். மனிதனுக்கு, அதுவும் அடிப்பாதத்தில், அப்படி நடக்காது. எனவே எலிக்கு 25 வீதம் என்றால் அப்பாவுக்கும் 25 வீதம் என்று கணக்குப் போட முடியாது.

எனக்கு மிகவும் பிடித்தது சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம் 2023 இல் வெளியிட்ட காகிதம் போன்ற ஒரு ஒட்டி. பூவிதழ் மாதிரி ஐந்து பகுதிகள், பற்றரி கிடையாது, வயர் கிடையாது. சூடு, ஈரம், பி.எச்., யூரிக் அமிலம், அப்புறம் கிருமிகள் விடுகிற ட்ரைமெத்திலமின் என்கிற (அழுகின மீன் வாடைக்குக் காரணமான) பொருள், இந்த ஐந்துக்கும் ஏற்ப இதழ்கள் நிறம் மாறும். போனால் படம் எடுத்தால் ஒரு மென்பொருள் ஆறுகிறதா இல்லையா என்று சொல்லும், 97 வீதம் சரியாகச் சொன்னது என்பது அவர்களின் கணக்கு. அதுவும் எலிகளில்தான். ஆனால் கரண்ட் இல்லாத இரவிலும் வேலை செய்யக்கூடிய ஒன்று என்பதால் எங்கள் பக்கத்துக்கு ஒருநாள் வந்தால் இந்த வகைதான் முதலில் வரும் என்பது என் ஊகம், வெறும் ஊகம்தான். மனிதர்களிடம் வந்த வேலைகளில் கவனிக்க வேண்டியது 2025 இல் கால்டெக் வெளியிட்டது. அவர்கள் 20 நோயாளிகளின் நாட்பட்ட புண்களில் பொருத்திப் பார்த்தார்கள். அதில் கெட்டித்தனம் எங்கே என்றால், புண்ணில் நேற்றுக் கசிந்த நீரும் இன்று கசிகிற நீரும் கலந்தே கிடக்கும், கலந்ததை அளந்து பிரயோசனமில்லை. அதனால் நுண்ணிய வாய்க்கால் போட்டுப் புதிதாகக் கசிவதை மட்டும் இழுத்து அளந்து, பழையதை வெளியே தள்ளிவிடுகிறார்கள். வயலுக்குத் தண்ணீர் கட்டத் தெரிந்தவர்களுக்கு இது உடனே விளங்கும். ஆனாலும் 20 பேர் என்பது ஒரு ஆரம்பம், அவ்வளவுதான்.

மின்தூண்டல் பற்றி ஒரு வார்த்தை, காணொளிகளில் அதைத்தான் பெரிதாகக் காட்டுகிறார்கள். காயத்திலிருந்து மெல்லிய மின்னோட்டம் வருவது உண்மை, 1843 அளவிலேயே எமில் டு புவா ரேமோன் என்ற ஜெர்மானியர் தன் சொந்த விரலை வெட்டி அதை அளந்திருக்கிறார். தோல் செல்கள் அந்த மின்புலத்தைப் பிடித்து நகர்வதும் ஆய்வுகூடத்தில் நன்றாகக் கண்ட விஷயம். ஆனால் நீரிழிவுப் பாதத்துக்கான சர்வதேசக் குழு 2023 இல் வெளியிட்ட வழிகாட்டலில், புண்ணை ஆற்றுவதற்கென்று மின்தூண்டல் போன்ற முறைகளைப் பயன்படுத்த வேண்டாம் என்றே பரிந்துரைத்திருக்கிறார்கள், மனிதர்களிடம் ஆதாரம் போதவில்லை என்பதால். அதே குழு வெள்ளி கலந்த கட்டு, தேன் கட்டு ஆகியவற்றையும் ஆற்றுவதற்கென்று பரிந்துரைக்கவில்லை. மாறாக சுக்ரோஸ் ஒக்டாசல்பேட் என்ற பொருள் ஊறிய ஒரு சாதாரணக் கட்டை, சில வகைப் புண்களுக்கு ஏற்றுக்கொள்கிறார்கள். 240 பேரிடம் செய்து 2018 இல் வெளியான ஆய்வில் 20 கிழமையில் அந்தக் கட்டுப் போட்டவர்களில் 48 வீதத்தினருக்குப் புண் மூடியது, அந்தப் பொருள் இல்லாத கட்டுப் போட்டவர்களில் 30 வீதத்தினருக்கு. சென்சரும் இல்லை, புளூடூத்தும் இல்லை, ஆனால் இன்றைக்கு மனிதரிடம் ஆதாரம் கூடுதலாக இருப்பது இதற்குத்தான். கவனித்தீர்களா, அந்த நல்ல கட்டோடும் பாதிப்பேருக்கு மேல் 20 கிழமையில் மூடவில்லை. ஏன்?

ஏனென்றால் பெரும்பாலும் குறை கட்டில் இல்லை. ஒரு ஆளைப் பற்றிச் சொல்கிறேன், அடையாளங்களைக் கொஞ்சம் மாற்றித்தான். ஓட்டோ ஓடுகிறவர், ஐம்பது சொச்சம் வயது, உங்கள் அப்பாவுக்கு இருக்கிற அதே இடத்தில் புண். ஐந்து மாதம் எங்களிடம் வந்தார், ஒரு நாள் தவறவில்லை. நான் என்னிடம் இருந்த எல்லாவற்றையும் மாறி மாறிப் போட்டுப் பார்த்தேன். புண் கொஞ்சம் சுருங்கும், ஓரத்தில் வெள்ளையாகத் தடித்த தோல் ஏறும், செதுக்குவோம், திரும்பப் பழையபடி. ஒருநாள் மழை, அவரை வாசல்வரை கொண்டுபோய் விட்டேன். அவர் ஏறி உட்கார்ந்து, என் கண்ணுக்கு முன்னாலேயே, நான் ஐந்து நிமிடத்துக்கு முன் கட்டிய அதே இடத்தால் பிரேக்கை அமத்தினார். வலது கால், பெருவிரலின் அடி, சரியாக அந்த இடம். கால் மரத்துப் போனதால் அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. உட்துறைமுக வீதியாலே மட்டும் ஒரு நாளைக்கு எத்தனை தடவை பிரேக் போட்டிருப்பார் என்று யோசித்துப் பாருங்கள். அவருக்குப் பதிலாக இன்னொருவரை ஓட்டோ ஓட விட்டு, காலில் பாரம் ஏறாதபடி கட்டுப்போட்டு இருத்தினோம், ஏழு கிழமையில் மூடியது, கடைசியில் போட்டிருந்தது வெறும் ஈரக்கட்டு. ஐந்து மாதமும் அவரிடம் ஒருவரும் என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை, அதுதான் எனக்குக் கடுப்பு. அப்பா என்ன வேலை என்று நீங்கள் எழுதவில்லை. மோட்டார் சைக்கிள் உதைக்கிறாரா, கடையில் நின்றபடி வியாபாரமா, வீட்டுக்குள்ளே வெறுங்காலோடு நடக்கிறாரா, கோணேசர் கோயிலில் மத்தியானக் கல்லுச் சூட்டில் செருப்பில்லாமல் ஏறுகிறாரா, இதையெல்லாம் பாருங்கள். அடிப்பாதப் புண்ணுக்குப் பாரத்தை எடுப்பதுதான் மருந்து, மற்றதெல்லாம் அதற்குத் துணை. முழங்கால்வரை போடுகிற, கழற்ற முடியாத பாரம் குறைக்கும் கட்டு அல்லது பூட்ஸ்தான் இதில் முதல் தெரிவு, இரத்தோட்டம் சரியாக இருந்து, பெரிய கிருமித்தொற்று இல்லாவிட்டால். அண்ணனின் காசுக்கு வேலை இருக்கிறது என்றேனே, இதுதான்: அப்படிப்பட்ட பூட்ஸ் ஒன்று, புண் மூடிய பிறகு அளவெடுத்துச் செய்த செருப்பு.

இரண்டாவது கதை இன்னும் கசப்பு. மீன்பிடிக்கிற ஒருவர், சின்ன விரல் ஓரத்தில் புண், மேலே பார்க்க இளஞ்சிவப்பாக மாதுளை முத்து மாதிரி அழகான சதை. நானே நல்லாய் வருது ஐயா என்று சொன்னேன். மூன்று கிழமை கழித்து விரல் கொழுத்த கத்தரிக்காய் மாதிரி வீங்கிக்கொண்டு வந்தார். சுத்தமான கம்பி ஒன்றை மெல்ல விட்டுப் பார்த்த மருத்துவருக்கு எலும்பு தட்டியது. எலும்புக்குள் தொற்று. விரல் போய்விட்டது. இன்றைக்கு வருகிற சென்சர்கள் எல்லாம் புண்ணின் மேற்பரப்பையும் கசிகிற நீரையும்தான் பார்க்கின்றன. சூடு ஏறியதை ஒருவேளை முன்னமே காட்டியிருக்கும், எலும்பைக் காட்டியிருக்காது. அடைபட்ட இரத்தக்குழாயையும் காட்டாது.

சரி, கட்டு வரும்வரை என்ன செய்வது? சென்சர் சொல்வதில் பாதியை நீங்களே பார்க்கலாம். முதலாவது அளவு. மருந்து கட்டும்போது, புதுக் கட்டு சுற்றிவந்த கண்ணாடி மாதிரியான பொலித்தீன் உறையின் உட்பக்கத்தைப் புண்மேல் மெல்ல வைத்து, மார்க்கரால் ஓரத்தை வரையச் சொல்லுங்கள், கேட்டால் செய்து தருவார்கள். வீட்டில் அதைப் பிள்ளைகளின் சதுரக் கொப்பியில் வைத்துப் பெட்டிகளை எண்ணித் திகதி போடுங்கள். பெரும்பாலும் நான்கு கிழமையில் பரப்பளவு பாதியாகக் குறைந்திருக்க வேண்டும். 3 சென்ரிமீற்றர் நீளமும் 2 அகலமுமாக இருந்தது நான்கு கிழமையில் 2 க்கு 1.5 ஆகியிருந்தால் நல்ல சகுனம், 2.8 க்கு 2 என்றால் சிகிச்சையை மாற்ற வேண்டிய நேரம். தடித்த தோலைச் செதுக்கிய அன்று புண் பெரிதாகத்தான் தெரியும், பயப்பட வேண்டாம், எப்போதும் செதுக்கிய பிறகே அளக்கச் சொல்லுங்கள், அப்போதுதான் ஒப்பிடலாம். படம் எடுத்தாலும் பக்கத்தில் அடிமட்டம் வைத்து, ஒரே தூரத்தில், பகல் வெளிச்சத்தில் எடுங்கள். வாட்ஸ்அப்பில் வருகிற படங்களில் பாதி எனக்குப் புண்ணா பிலாப்பழமா என்று தெரியாத மாதிரித்தான் இருக்கும்.

இரண்டாவது சூடு. எங்கள் தோல் நிறத்தில் சிவந்திருக்கிறதா என்று பார்த்துக் கண்டுபிடிப்பது கஷ்டம். புத்தகங்கள் வெள்ளைத்தோலை வைத்து எழுதப்பட்டவை. கறுத்த காலில் சிவப்பு என்பது கொஞ்சம் மினுமினுப்பாக, கொஞ்சம் ஊதாவாக, இறுக்கமாகத் தெரியும், பலர் அதைத் தவறவிடுகிறார்கள். உண்மையில் சென்சர் கட்டுகள் எங்களைப் போன்றவர்களுக்குக் கூடுதலாக உதவக்கூடிய இடம் இதுதான் என்று நினைக்கிறேன், ஏனென்றால் சூட்டுக்கு நிறமில்லை. கொவிட் காலத்தில் நெற்றியில் பிடித்தார்களே, அந்த வெப்பமானி வீட்டில் கிடந்தால் எடுங்கள். அப்பா கால்மணி நேரம் காலை நீட்டி இருந்த பிறகு, இரண்டு பாதத்திலும் ஒரே இடங்களில் பிடித்துப் பாருங்கள். இலக்கம் அவ்வளவு சரியாக இராது, வித்தியாசம்தான் முக்கியம். இரண்டு காலுக்கும் 2.2 பாகை செல்சியசுக்கு மேல் வித்தியாசம் இரண்டு நாள் தொடர்ந்தால் காட்டச் சொல்வது வழக்கம். இதைப் புண் வராமல் தடுப்பதற்காகத்தான் ஆராய்ந்தார்கள், புண் உள்ள காலுக்கு அதே எல்லை அப்படியே பொருந்தும் என்று சொல்ல முடியாது, கட்டிக் கிடக்கிற கால் கொஞ்சம் சூடாகவும் இருக்கும். ஆகவே ஒரு நாள் அளவை வைத்துப் பதறாமல், போகிற போக்கைப் பாருங்கள். வெப்பமானி இல்லாவிட்டால் அம்மாவின் புறங்கை போதும். மூன்றாவது, அப்பாவின் சீனி அளவு. சாப்பாடும் மாத்திரையும் மாறாமல் சீனி திடீரென்று 250, 300 என்று ஏறினால் காலைப் பாருங்கள். வலி சொல்லாததைச் சில நேரம் குளுக்கோமீற்றர்தான் முதலில் சொல்கிறது.

புண்ணைச் சுற்றி இரண்டு சென்ரிமீற்றருக்கு மேல் சிவந்து வீங்கினால், நாற்றமும் சீழும் வந்தால், காய்ச்சல் குளிர் வந்தால், விரல் கறுத்தால் கிளினிக் நாள்வரை காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே ஆசுபத்திரி. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இனிச் செய்யக்கூடாதவை, எங்கள் ஊரில் நான் பார்த்து அலுத்தவை மட்டும். கடல் தண்ணியில் காலை வைப்பது. கடலும் உப்பு, புண் கழுவுகிற சேலைனும் உப்புத்தானே என்று உப்புவெளியில் ஒரு பெரியவர் என்னோடு வாதாடினார். சேலைனில் 0.9 வீதம் உப்பு, கடலில் ஏறத்தாழ 3.5 வீதம், அதை விடுங்கள், சூடான கடற்கரைத் தண்ணீரில் விப்ரியோ என்ற கிருமி இருக்கலாம், சீனி உள்ளவரின் திறந்த புண்ணில் அது புகுந்தால் ஒன்றிரண்டு நாளில் கதை முடிந்துவிடக்கூடும். கன்னியா வெந்நீர்க் கிணறுகளில் வார்ப்பது மனதுக்கு நல்லது, மரத்த காலுக்குச் சூடு தெரியாது, புண்ணுக்கு வேண்டாம். வயலில் வெறுங்காலோடு இறங்குவதும் அப்படித்தான், தம்பலகாமம் பக்கம் காணி இருந்தால் அப்பாவை வரப்போடு நிறுத்துங்கள், சேற்றிலிருந்து வருகிற மெலியோய்டோசிஸ் இலங்கையில் இருக்கிற நோய், அதுவும் சீனிக்காரரைத்தான் தேடிப் பிடிக்கும். கோப்பித்தூள், மஞ்சள், ஸ்பிரிட், நுரை வருகிற ஹைட்ரஜன் பெரொக்சைட், ஒன்றும் வேண்டாம். காற்றாட விட்டுக் காயவைக்கிற பழக்கமும் வேண்டாம், ஈரப்பதமாக மூடிய காயத்தில் தோல் ஏறக்குறைய இரு மடங்கு வேகத்தில் மூடுகிறது என்று ஜோர்ஜ் வின்டர் 1962 இலேயே பன்றிகளில் காட்டிவிட்டார். ஒரு விதிவிலக்கு: இரத்தோட்டம் இல்லாமல் காய்ந்து கறுத்த விரலை நனைக்கக் கூடாது, அது காய்ந்தபடியே இருக்க வேண்டும்.

அலைச்சலைப் பற்றியும் கேட்டீர்கள். கிருமித்தொற்று இல்லாத, அதிகம் நீர் கசியாத புண்ணுக்கு, நல்ல நுரைக் கட்டை இரண்டு மூன்று நாள், சில நேரம் அதற்கு மேலும் விடலாம், தினமும் பிரித்தால் புதுத்தோலும் சேர்ந்து உரிந்து வரக்கூடும். ஆனால் எங்கள் வெயிலுக்கும் வியர்வைக்கும், குறிப்பாகக் கச்சான் வெக்கையில், குளிர்நாட்டில் ஏழு நாள் ஒட்டுகிற பசை இங்கே மூன்றாம் நாள் ஓரம் கிளம்பிவிடும், இதை எந்தப் பெட்டியிலும் எழுத மாட்டார்கள். ஓரம் கிளம்பினாலோ, நீர் வெளியே கசிந்தாலோ நாள் கணக்குப் பார்க்காமல் மாற்றுங்கள். எத்தனை நாளுக்கு ஒருமுறை என்பதை உங்களுக்குக் கட்டுகிற மிஸ்ஸியிடமே நேரே கேளுங்கள். வீட்டில் கட்டப் பழக்கிவிடச் சொன்னால் பலர் சந்தோஷமாகப் பழக்கிவிடுவார்கள், அறையில் ஒரு ஆள் குறையுமே.

மூன்று மாதம் என்பது நீண்ட காலம், தம்பி. அடுத்த கிளினிக்கில் மூன்று கேள்வி கேளுங்கள்: பாதத்தில் நாடி பார்த்தார்களா, இரத்தோட்டத்தை டொப்ளரில் (ஒலியலையால் இரத்தோட்டம் பார்க்கிற கருவி) சோதித்தார்களா என்பது ஒன்று. சீனிக்காரருக்குக் இரத்தக்குழாய் கல்லாகி, கையிலும் கணுக்காலிலும் இரத்த அழுத்தம் அளந்து ஒப்பிடுகிற கணக்கு நல்லதுபோலக் காட்டும், அதனால் அந்த ஒன்றோடு விட வேண்டாம், கால்விரலிலும் அழுத்தம் பார்க்க முடியுமா என்று கேளுங்கள். எலும்பு வரை போயிருக்கிறதா என்று கம்பி விட்டுப் பார்த்தார்களா, எக்ஸ்ரே எடுத்தார்களா என்பது இரண்டாவது. எடுத்திருந்தால் எப்போது என்று திகதியைப் பாருங்கள், எலும்பில் மாற்றம் தெரிய இரண்டு மூன்று கிழமை செல்லும், ஆரம்பத்தில் எடுத்த படம் சுத்தமாக இருந்தது என்பது இன்றைக்குச் செல்லாது. பாரம் குறைக்க என்ன தருவீர்கள் என்பது மூன்றாவது. பதில்களை இங்கே எழுதினால், எனக்குத் தெரிந்த அளவுக்கு விளங்கப்படுத்துகிறேன். அப்பாவின் வலது செருப்பையும் ஒருக்கால் திருப்பி அடியைப் பாருங்கள், எந்த இடம் தேய்ந்திருக்கிறது என்று.